எஸ்டேட் கேட்டில் ஒரு சட்டம்

மழை பிடித்துக்கொண்டது. சேலம் பஸ்ஸுக்காக எஸ்டேட் குறுக்குப் பாதையில் ஓடிவந்த இலக்கியா, கேட்டில் தொங்கிய புதுப் பலகையைக் கண்டு நின்றாள். 'இவ்வழியே செல்வோர் நோட்டில் பெயர் எழுத வேண்டும் எனச் சட்டம் இயற்றப்படுகிறது.'

அரசுத் தேர்வுக்குப் படிப்பவள். சும்மா இருப்பாளா?

"ஏனுங்க, யாரு இதை எழுதுனது?"

கேட்டருகே உட்கார்ந்திருந்த, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தினேஷ் குடையோடு எழுந்தான். நனைந்த இமைகளுக்குள் அவள் கண்கள்... அவன் பார்வை அங்கேயே நின்றது.

"நா... நான்தானுங்க."

"சட்டம் இயற்றுறது சட்டசபைங்க. விவாதிச்சு, ஓட்டெடுத்து, கவர்னர் ஒப்புதல் குடுத்தாத்தான் அது சட்டம். நீங்க கேட்டுல விதி வைக்கலாம், சட்டமெல்லாம் இயற்ற முடியாதுங்க!"

காப்பி பறிக்கப் போன பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தினேஷின் காது சிவந்தது.

"என்ன பேரோ வெச்சுக்குங்க. எழுதாம விட மாட்டனுங்க."

"எழுத மாட்டனுங்க!"

வீம்பு யாரை விட்டது? சுற்றுவழியில் நடந்தாள். பஸ் போயிருந்தது, அன்றைய மாதிரித் தேர்வும் போனது. அடுத்த பத்து நாளும் விடியுமுன்பே கிளம்பிச் சுற்றியே நடந்தாள். தூரத்திலிருந்து கேட்டைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

அசல் தேர்வன்று சுற்றுவழியில் மரம் விழுந்து கிடந்தது. வேறு வழியில்லை. வீம்பை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கேட் திறந்திருந்தது. பலகையைக் காணோம்.

"கழட்டிட்டனுங்க. என்னால நீங்க மாதிரித் தேர்வை விட்டது, காப்பி பறிக்கறவங்க சொல்லி நேத்துத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க" என்றான் தினேஷ், தலை நிமிராமல்.

"பரவால்லீங்க. நோட்டைக் குடுங்க, எழுதிட்டே போறேன்."

வாங்கிப் புரட்டினாள். ஒரு பெயர்கூட இல்லை!

"ஏனுங்க, மத்தவங்க யாரும் எழுதலையா?"

"அவங்களை நான் கேக்கவே இல்லீங்க."

"விதின்னா எல்லாத்துக்கும் பொதுவுங்களே?"

"இது ஒருத்தருக்குன்னே வெச்சதுங்க." பலகை இருந்த இடத்தைப் பார்த்தான். "மூணு மாசமா இந்த வழியா போறீங்க... பேரு தெரியாது. கேக்கத் தைரியமில்லீங்க. உங்களை எனக்கு நொம்பப் புடிக்குமுங்க..."

இலக்கியாவின் கன்னம் சுட்டது. பேனாவை வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

பத்தடி ஓடியவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பலகையை மறுபடி மாட்டுங்க. தினமும் வந்து எழுதறேன்... எனக்கும் புடிச்சிருக்குங்க!"