காரணம் எழுதும் பெட்டி

காரணம் எழுதும் பெட்டியில் ஒரு புள்ளி இருந்தது.

இருக்கக்கூடாது. தடைப் பக்கத்தின் மாதிரியை அவன் இப்போதுதான் திறந்தான். யாரும் எதையும் தட்டியிருக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், நாலாவது மாடி முழுக்க அவன் ஒருத்தன்தான். ஏசி ஓடாததால் தரைவிரிப்பின் புழுங்கிய நாற்றமும், யாரோ வெள்ளிக்கிழமை கழுவாமல் விட்டுப்போன காப்பிக் கோப்பையின் புளித்த வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சர்வர் அறையின் விசிறிகள் மட்டும் விடாமல் இரைந்துகொண்டிருந்தன. கீபோர்டில் தூசு சிக்கியிருக்கும் என்று நினைத்துப் புள்ளியை அழித்தான்.

வேலை சின்னதுதான். அலுவலகத்தில் யாராவது திறக்கக்கூடாத தளத்தைத் திறந்தால், ஃபயர்வால் அதை மறித்து அவன் எழுதிவைத்த பக்கத்தைக் காட்டும். கம்பெனிக்குப் புதுச் சின்னம் வந்திருக்கிறது, நாளைக் காலைக்குள் அந்தப் பக்கத்தில் அதை ஏற்ற வேண்டும். பழைய வாசகங்கள் அப்படியே இருக்கட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த வாசகங்களில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. 'இதற்குத்தான் சம்பளமா?' என்று சிவப்பில் பெரிய எழுத்து. அதன் கீழே திறக்கப் பார்த்தவரின் பெயர். "படிச்சா சுருக்குனு இருக்கணும்ப்பா" என்று மேலாளர் கேட்டார், அவன் மனசாரச் செய்து கொடுத்தான்.

அதற்கும் கீழேதான் பெட்டி. 'இந்தத் தளம் உங்களுக்கு ஏன் தேவை? காரணம் எழுதவும்.' எழுதி அனுப்பினால் 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பச்சையில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். பெட்டிக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. எழுதியது யாருக்கும் போகாது, எங்கேயும் சேராது. "எழுதிட்டாலே பாதிப் பேர் அடங்கிடுவாங்க சார்" என்று யோசனை சொன்னவனே அவன்தான்.

திரையின் ஓரத்தில் அவன் வீட்டுக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தடையெல்லாம் மற்றவர்களுக்கு, விலக்குப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. கூடத்து சோபாவில் ஏழு வயது மகள் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இன்று டியூட்டி, போன் சாயந்தரம்தான் கைக்கு வரும்.

"ரெண்டே மணி நேரம்டா குட்டி. அப்பா கேமரால பாத்துட்டே இருப்பேன்" என்று காலையில் சொல்லியிருந்தான்.

"பாத்துட்டே இருக்கணும்" என்று விரலை நீட்டி மிரட்டிவிட்டுத்தான் விட்டாள்.

சின்னத்தை ஏற்றி மாதிரியை மறுபடி திறந்தான். பெட்டியில் இப்போது மூன்று புள்ளிகள்.

அப்போதுதான் விசிறிகளின் இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. இரும்பில் எதையோ வைத்துத் தட்டுகிற சத்தம். டக், டக், டக். நின்றது. ஏதோ ஒரு விசிறி உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி யாரோ ஒருமுறை அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ரிசப்ஷன் அக்கா. அவள் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். "பேச்சு வராது தம்பி. ஸ்பூனால கட்டில் கம்பியத் தட்டுவாரு. மூணு தட்டினா தண்ணி வேணும்னு அர்த்தம். நான் கேமரால பாத்து, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிடுவேன்." இந்த அலுவலகத்தில் ஊழியர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அவளுக்கு மேசைக் கம்ப்யூட்டர்தான் கதி. போன வருஷம் கேமராத் தளங்கள் அத்தனையையும் ஒரே தட்டில் அடைத்தவன் அவன்.

பதினோரு நாள் அவள் அந்தப் பெட்டியில் எழுதினாள்.

"பெட்டில எழுதிட்டே இருக்கேன் தம்பி, யாராச்சும் பாத்தாங்களா?"

"பரிசீலனைல இருக்குக்கா."

அவள் தலை மறைந்ததும் மேலாளரிடம் சொல்லிச் சிரித்தான். பன்னிரண்டாம் நாள் மாலை அவள் வீடு திரும்பியபோது, கணவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து செருகி இறந்து கிடந்தார். மதியமே விழுந்திருக்கிறார். ஸ்பூன் கையில் இருந்ததாம். அக்கா அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம் என்று அவனுக்குச் சில நாள் தோன்றும்.

டக், டக், டக்.

திரையின் ஓரத்தில் மகளைக் காணவில்லை. கேமரா இருந்த இடத்தில் சிவப்பு எழுத்து. 'இதற்குத்தான் சம்பளமா?' அதன் கீழே அவன் பெயர்.

விலக்குப் பட்டியலைத் திறந்தான். முதல் பெயர் அவனுடையதுதான், அழியவில்லை. கேமராத் தளத்தை மறுபடி திறந்தான். சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை வாசலில் போனை வாங்கி வைக்க ஆள் இல்லை; பையிலிருந்து சொந்தப் போனை எடுத்து, அலுவலக வைஃபையை அணைத்து, சொந்த டேட்டாவில் திறந்தான். இந்தக் கட்டடத்தைத் தாண்டி அந்தத் தடைப் பக்கம் வெளியே போனதே கிடையாது. போக வழியே கிடையாது. போனிலும் சிவப்பு. புதுச் சின்னத்தோடு.

வேறு வழி தெரியாமல் பெட்டியில் எழுதினான்: 'என் மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.'

'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

பெட்டி தானாக நிரம்ப ஆரம்பித்தது. 'என் கணவர் வீட்டில் தனியாக இருக்கிறார்.' அடுத்த வரி. 'ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.' அடுத்தது. 'தயவுசெய்து.' 'தயவுசெய்து.' எங்கேயும் சேராமல் போன வரிகள், பதினோரு நாளைக்கானவை. கடைசியில் ஒன்று மட்டும் பன்னிரண்டாம் நாள் மதியத்துத் தேதியோடு வந்தது: 'அவர் தட்டுவது எனக்கு இங்கே கேட்கிறது.'

நாற்காலி சாய எழுந்து ஓடினான். மாடிக் கதவில் கார்டைத் தேய்த்தான். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தான். கார்டு தேய்க்கும் கருவியில், நேரத்தை மட்டும் காட்டுகிற சின்னத் திரையில் பச்சை எழுத்து ஊர்ந்தது. பரிசீலனையில் உள்ளது.

மேலாளருக்குப் போன் போட்டான். எடுத்தார்.

"சார், கதவு திறக்கல. வீட்ல பொண்ணு தனியா இருக்கா. யாரையாவது அனுப்புங்க சார்."

"எழுதிட்டியாப்பா?"

"சார்?"

"பெட்டில எழுதிட்டேல்ல. பரிசீலனைல இருக்கும்." குரல் அவருடையதுதான். அதற்குப் பின்னால் இரும்பில் ஸ்பூன் தட்டிக்கொண்டிருந்தது. அவன் காதிலிருந்து போனைப் பிடுங்கி எறிந்தான்.

மேசைக்கு ஓடி வந்தான். எழுத்துப் பிழையோடு அடித்தான்: 'பெட்டிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். அக்காவிடம் பொய் சொன்னேன்.' அனுப்பினான்.

சிவப்பு மறைந்தது.

கூடம். சோபா. சிதறின பென்சில்கள். மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், உள்ளறையைப் பார்த்தபடி. அவள் உயிரோடு இருப்பதைக் கண்டதும் அவனுக்கு அழுகை வந்தது.

டக், டக், டக்.

இந்த முறை சர்வர் அறையிலிருந்து இல்லை. ஸ்பீக்கரிலிருந்து. அவன் வீட்டு உள்ளறையிலிருந்து. அவன் வீட்டில் இரும்புக் கட்டில் கிடையாது.

"தண்ணியா?" என்று மகள் அறையைப் பார்த்துக் கேட்டாள்.

டக்.

"குட்டி, போகாத. குட்டி." கத்தினான். அந்தக் கேமராவில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. விலை குறைவென்று அவன் வாங்கியது.

அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், மெல்ல நடந்து வந்தாள். நடுக்கூடத்தில் நின்று நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"அப்பா, பாத்துட்டே இருக்கல்ல?"

உள்ளறை இருட்டாக இருந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே, தரையோடு தரையாக, ஒரு கை வெளியே வந்திருந்தது. வீங்கிய விரல்கள். ஸ்பூன். தட்டுவதை நிறுத்திவிட்டு, அது அப்படியே காத்திருந்தது.

மகள் குனிந்து டம்ளரை நீட்டினாள். கை ஸ்பூனைக் கீழே வைத்தது.

திரை சிவந்தது. பெட்டி காலியாக இருந்தது. அவன் எழுத ஆரம்பித்தான்.