பகுதி உயிர்

காலை ஆறு மணிக்குக் குருதிவடியைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்பவல்லி அடுப்படிக்கு வந்தாள். கைப்பை அளவுள்ள அந்த டயாலிசிஸ் கருவி அதுபாட்டுக்கு அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். அவள் தோசை வார்ப்பாள். நான்கு மாதங்களாகத் தோசைக்கல்லைத் தூக்கவே மூச்சு வாங்கியது. இரத்தம் ஊறுவதற்கான ஊசியை மூன்று மடங்காக்கியும் ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை.

மாமியார் சிவகாமி வந்து அவள் அடிவயிற்றின் வலப்பக்கம் கையை வைத்தாள். “என்னய்யா, தூங்கினியா?” என்றாள். தினமும் நடப்பதுதான். பிறகு குளிக்கப் போனாள்.

சுவர்த்திரையில் டாக்டர் மெஹருன்னிசா தோன்றினார்.

“ஊசியில குறை இல்லை, இன்பவல்லி. உங்க உடம்புக்குள்ள ஓயாம ஒரு அழற்சி இருக்கு. அது இருக்கிறவரை இரும்புச்சத்து எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது, புது ரத்தம் ஊறாது. எங்கே இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது.”

“எங்கே டாக்டர்?”

“உங்க வீட்டுக்காரர் குடுத்த கிட்னியிலதான்.”

அந்தச் சிறுநீரகம் வேலை நின்றுபோய் இரண்டு வருடமாகிறது. சும்மாதான் கிடக்கிறது என்று நினைத்திருந்தாள்.

“வேலை செய்யலைன்னாலும் உயிரோட இருக்கு. உங்க உடம்பு அதோட விடாம சண்டை போடுது. எடுக்கலைன்னா இதயம் தாங்காது.” டாக்டர் தயங்கினார். “ஆனா சட்டம் தெரியுமில்லையா?”

தெரியும். துறைமுகத்தில் பாரந்தூக்கி சரிந்து அவள் கணவன் கதிரேசன் நசுங்கி ஆறு வருடமாகிறது. அன்றே அவன் சிறுநீரகத்தை அவளுக்குப் பொருத்தினார்கள். உறுப்பு இன்னொருவர் உடலில் வாழும்வரை கொடுத்தவர் இறந்தவரல்லர் என்கிறது பகுதி உயிர்ச் சட்டம். ரேஷன் அட்டையில் அவன் பெயர் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கிடையாது. காரியம் செய்யவும் அனுமதி இல்லை.

“அவர் இறந்துட்டார்னு நீங்களும் அவங்க அம்மாவும் கையெழுத்துப் போடணும்,” என்றார் டாக்டர்.

திரை அணைந்தது. ஈரத்தலையோடு சிவகாமி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“அத்தை, நான் வேணாம்னு சொல்லிடறேன்,” என்று இன்பவல்லி உளறினாள். “இப்படியே இருந்துக்கறேன்.”

“எங்கே கையெழுத்துப் போடணும்?”

சிவகாமி உள்ளே வந்து திரையின் முன் நின்றாள்.

“ஆறு வருஷமா எங்கிட்ட ஒருத்தரும் துக்கம் விசாரிக்கல, வல்லி. ‘உன் மகன்தான் இருக்கானே’ன்னு சிரிச்சுட்டுப் போயிடறாங்க. நானும் உன் வயித்தத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டேன். அவன் இல்லடி அங்கே. உன்னையும் என்னால தூக்கிக் குடுக்க முடியாது.”

திரையில் படிவம் வந்ததும் சிவகாமி கட்டைவிரலை அழுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, மார்பில் அறைந்துகொண்டு, “ஐயா, என்னப் பெத்த ராசா!” என்று அலறினாள். அப்படி ஒரு குரலை அந்த வீடு கேட்டதே இல்லை.

அடுத்த வீட்டார் பதறி ஓடிவந்தார்கள். “என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?”

இன்பவல்லி மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு.”