'அந்த நிலையில்' என்று தொடங்கிய தாள்

கோட்டில் படிந்த பனியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள் எலீன்.

"நாளைக்குக் காலையில எங்க பெரியண்ணனோட வென்டிலேட்டரை எடுக்கப் போறாங்க மேடம். அவரே எழுதி வச்சிருக்கார்னு சின்னண்ணன் வெர்ன் சொல்றார். டாய்வோ அண்ணன் லேசுல விட்டுக் கொடுக்கற ஆள் இல்லை!"

அமெரிக்காவின் டுலூத் நகரில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த ரூத் ஹாவிஸ்டோ, அவள் நீட்டிய தாளை வாங்கினார். படகு மெக்கானிக்கான டாய்வோ, நிமோனியா முற்றி நினைவின்றிக் கிடந்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வெர்ன் கண்டெடுத்த தாள் அது. 'அந்த நிலையில் எனக்குச் சுவாச இயந்திரம் வேண்டாம்' என்று தொடங்கியது. கீழே கையெழுத்து, இரண்டு சாட்சிகள்.

"வெர்ன் போலியாத் தயாரிச்சிருப்பார்!" உதவியாளன் வெஸ்லி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"இல்லை, அண்ணன் கையெழுத்துதான்."

தாளின் மூலையில் இருந்த இரண்டு சின்னத் துளைகளை ரூத் விரலால் தடவினார். "கதவுல வேற என்ன இருந்தது?"

"என்னோட புது ஃபோன் நம்பர். போன மாசம்தான் வீடு மாறினேன்."

"அவர் வீட்டுல நகல் எடுக்கற மிஷின் உண்டா?"

"எதுவானாலும் தெருமுனை நூலகத்துக்குத்தான் போவார்."

ரூத் கையுறையை மாட்டினார். "வண்டியை எடு, வெஸ்லி."

மறுநாள் காலை மருத்துவமனையில் டாக்டரும் உடன்பிறந்தவர்கள் இருவரும் கூடியிருந்தார்கள்.

"'அந்த நிலையில்'னா எந்த நிலையில்?" என்று ரூத் நிதானமாகக் கேட்டார். "மூலையில பின் குத்தின தடம் இருக்கு, பின் இல்லை. அப்போ முன்னால ஒரு தாள் இருந்திருக்கு. அதை மட்டும் யார் கழட்டுவாங்க? அதுல இருந்த ஒரு விவரத்தை மாத்த நினைச்சவர். எலீனோட ஃபோன் நம்பர் மாறியிருக்கு. திருத்தினா நகல் எடுக்கணும். நகல் எடுக்கப் போறவங்க எதை மறப்பாங்க?"

"மிஷின் மூடிக்குள்ள இருக்கற அசலை!" என்றான் வெஸ்லி.

"காய்ச்சலும் இருமலுமா வந்தவர் விட்டுட்டுப் போயிட்டாராம். நூலகர் பத்திரமா எடுத்து வச்சிருந்தார்."

ரூத் முதல் தாளை டாக்டரிடம் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்: 'எனக்காக முடிவெடுக்க வேண்டியவள் தங்கை எலீன். இனி நினைவு திரும்பாது என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லும்வரை எல்லா முயற்சியும் செய்யுங்கள்.' எலீன் பெயருக்குப் பக்கத்தில் பழைய ஃபோன் எண் அடிக்கப்பட்டு, புதியது எழுதப்பட்டிருந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். "அப்படி நாங்க யாருமே சொல்லலையே. பிழைக்க வாய்ப்பு இருக்கு."

வெர்ன் சுவரில் சாய்ந்தார். "அவர் வார்த்தையைக் காப்பாத்தறதா நினைச்சேன், எலீன். ஐயோ, என் கையாலேயே..."

"தெரியும் அண்ணா." அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், வென்டிலேட்டர் இருக்கட்டும்."

அடுத்த வாரம் டாய்வோ கண் திறந்தார். சுவாசக் குழாயை எடுத்த மறுநாள் ரூத்தும் வெஸ்லியும் பார்க்கப் போனார்கள். வெர்ன் ரூத்தின் கையைப் பற்றிக்கொண்டார்.

டாய்வோ கரகரத்த குரலில் பேசினார். "ஏன்டா வெர்ன், இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கே. அதுவும் பாதிப் பேச்சை!"

வெர்ன் சிரித்தபடியே அழுதார்.