காலடியில் வந்த மணி

“ரோல் போடத் தெரியாதவ என்கூட வரக்கூடாது. அவ்வளவுதான்!”

புன்னைத்துறைக் கரையில் கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகைத் தண்ணீருக்கு இழுத்தபடியே சொன்னாள் ஜெனிட்டா. கவிழ்ந்த கயாக்கை விட்டு இறங்காமலே துடுப்பை வீசி, இடுப்பை வெட்டி, மறுபடி நிமிர்வதுதான் ரோல். அதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. இது அவளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்!

“ரோல் வராட்டா என்ன? வெளிய வந்து திரும்ப ஏறத் தெரியும்லா!” என்று தன் கயாக்கையும் தள்ளிக்கொண்டு வந்தாள் தோழி பௌசியா. “நீ கவுந்தா யாருட்டி புடிப்பா?”

“நான் கவுந்தாத்தானே!”

வாதாட நேரமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மாதா கோயிலுக்கு வாங்கிய வெண்கல மணியை ஜெனிட்டாவின் அப்பா சவரிமுத்து தன் சின்னப் பாய்வள்ளத்தில் கொண்டுவந்தார். ஆனைப்பார் என்னும் பாறைத்திட்டருகே வள்ளம் கவிழ்ந்தது. அவர் நீந்திக் கரையேறினார், மணி ஏறவில்லை. ‘வித்துத் தின்னுட்டான்’ என்றது ஊர். அன்றிலிருந்து கோயிலில் அவர் நிற்பது வாசலுக்கு வெளியேதான். போன வாரப் புயல் மணலை வாரிப்போட, சங்கு குளிப்பவர் ஒருவர் பாறை இடுக்கில் வெண்கல விளிம்பைப் பார்த்திருந்தார். மணல் மறுபடி மூடுமுன் எடுத்தாக வேண்டும். அந்த இடுக்கில் விசைப்படகு நுழையாது. கயாக் நுழையும்!

வெயில் ஏறுமுன் ஆனைப்பாரை அடைந்தார்கள். கயிற்றோடு மூழ்கினாள் ஜெனிட்டா. முதலில் பாசிதான் அகப்பட்டது. அடுத்த முறை விரல் வழவழப்பான வளைவில் பட்டது. மணியேதான்! இருவருமாக இழுத்துத் தூக்கினார்கள். பார்க்கக் கைக்குழந்தை அளவு, தூக்கினால் அம்மிக்கல்.

“காலுக்கு நடுவுல வைட்டி. கனம் கீழ இருந்தாத்தான் ஆடாது” என்றாள் பௌசியா.

“கோயில் மணியக் காலடியிலயா? சாமி கண்ணக் குத்திரும்!”

முதுகுக்குப் பின்னால், கயாக்கின் மேல்தளத்தில் வைத்து இறுக்கிக் கட்டினாள் ஜெனிட்டா.

பாறைகளைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஓர் அலை தூக்கியது. கயாக் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. தலைகீழ்!

ஜெனிட்டா பதறவில்லை. துடுப்பை வீசினாள், இடுப்பை வெட்டினாள். பாதி எழுந்தவளை மணி திரும்ப இழுத்தது. மறுபடியும் முயன்றாள். காது மட்டும் வெளியே வந்து போயிற்று. நெஞ்சு எரிந்தது. இடுப்பில் கத்தி இருக்கிறது. கயிற்றை அறுத்தால் எழுந்துவிடலாம். வாசலுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. மாட்டேன்! தண்ணீர் புகாமல் இருக்கையை மூடியிருந்த துணியின் பிடியை இழுத்து, கயாக்கை விட்டு வெளியே வந்தாள். பயிற்சி தொடங்கிய நாளுக்குப் பிறகு அவள் அப்படி வந்ததே இல்லை. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. பயந்துபோனாள்.

“படக விட்டுராத!” பௌசியா பாய்ந்து வந்து கவிழ்ந்த கயாக்கின் முனையைப் பிடித்தாள். “நான் தூக்குதேன். நீ அந்தப் பக்கமிருந்து தள்ளு! தம் கட்டித் தள்ளு!”

மணி லேசில் மசியவில்லை. அலை உயர்த்திய நேரம் பார்த்து இருவரும் ஒருசேரத் தள்ள, கயாக் புரண்டு நிமிர்ந்தது. பௌசியா அதைத் தன் கயாக்கோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, ஜெனிட்டா நெஞ்சைக் கிடத்தி ஊர்ந்து ஏறினாள். கைப்பம்பால் தண்ணீரை இறைத்தார்கள். பிறகு ஜெனிட்டா கட்டை அவிழ்த்து, மணியைத் தன் கால்களுக்கு நடுவே இறக்கினாள்.

“மாதாவே, மன்னிச்சுக்கோ!”

“மணி கரை சேந்தாப் போதும்னுதான் மாதாவும் நெனைப்பா. துடுப்பப் போடு!”

கரையில் ஊரே கூடிவிட்டது. இடுப்பளவு தண்ணீருக்குள் வந்து எட்டிப் பார்த்தார் சவரிமுத்து.

“காலடியிலயா கொண்டாந்த?”

“மொதல்ல மேலதான் கட்டினேன்ப்பா. கவுந்துட்டேன். பௌசியாதான் காப்பாத்துனா.”

அவர் மணியைத் தடவினார். “எனக்கும் அன்னைக்குக் காலடியில வைக்க மனசு வரல மக்கா. பாய்மரத்துல உசரக் கட்டித் தொங்கவிட்டேன்.” கரையில் நின்றவர்கள் தண்ணீரில் இறங்கி வந்து, மணியைத் தூக்க அவருக்குக் கைகொடுத்தார்கள்.

மறுநாள் காலை, ஆழமில்லாத தண்ணீரில் இரண்டு கயாக்குகள்.

“அப்ப, ரோல் கத்துக்கணுமா வேண்டாமா?” என்றாள் பௌசியா.

“கத்துக்கோ, நான் சொல்லித்தாரேன். ஆனா மொதல்ல எனக்கு ஏறச் சொல்லிக்குடு.”

கோயிலிலிருந்து மணி அடித்தது. விட்டுவிட்டு அல்ல, நிறுத்த மனமில்லாமல் அடித்தது. அடிப்பது யார் என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே, இந்த முறை வேண்டுமென்றே கவிழ்ந்தாள்.