ரிமோட் எந்தக் கையில்

கனமான பக்கம் மேலே வந்து நின்றது.

அதிகாரி நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகம். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரி. கையுறை போட்டிருக்கிறேன் சார் என்று எவன் சொன்னாலும், எங்கே கையைக் காட்டு என்பார். ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் இருந்த இரும்புத் தண்டுகளின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில், முதல் பெஞ்சுப் பையனைப் போல ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு இரும்புத் தண்டுகளை மேசைமேல் இணையாக வைத்து, அவற்றின் மேல் உருளையின் அச்சை ஏற்றி, விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும். உருண்டு களைத்து நிற்கும்போது எந்தப் பக்கம் கனமோ அது கீழே போயிருக்கும். அங்கே இரண்டு கிராம் இரும்பைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி உருட்ட வேண்டும், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றப்போகிற உருளையில் ஒரு பக்கம் கனம் கூடினால், சண்டை ரோபோ எதிரியை அடிக்கும் முன் தன்னையே உதறிப் போட்டுக்கொண்டுவிடும். எதிரியை அடிக்கும் ஒற்றைப் பல் இந்த உருளையில் புதிது, லேத் பட்டறையில் மாட்டிக் கொடுத்தது. பழைய பல்லைவிடக் கனம். அது கீழே போயிருக்க வேண்டும்.

கனமானது மேலே போய் உட்காருவதை அதிகாரி அலுவலகத்தில் தினமும் பார்த்திருக்கிறார். இரும்பில் பார்த்ததில்லை.

மறுபடி தட்டிவிட்டார். மூன்று சுற்று, இரண்டு, ஒன்று. இந்த முறை பல் நடுவாக்கில், நேராக அவர் நெஞ்சுக்கு எதிரே நின்றது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து தட்டினார். உருளை நிதானமாகச் சுற்றி, தயங்கி, பாதித் தூரம் பின்னால் வந்து, அந்தப் பக்கமும் அவரையே பார்த்து நின்றது.

"காத்து" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். ஷெட்டின் கதவு சாத்தியிருந்தது.

கார் நிற்க வேண்டிய ஷெட் அது. ரோபோ வந்ததும் கார் தெருவுக்குப் போய் வெயிலில் வெளுத்துவிட்டது. பிற்பகல் மழை தகரக் கூரையில் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இரும்புத்தூளும் கடைசல் எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த வாடை. சுவரில், பளபளப்பான உறைக்குள், அதிகாரி இயற்றிய பன்னிரண்டு விதிகள், கையொப்பமும் முத்திரையுமாக. விதி ஒன்று: ரோபோவின் அருகில் எவரேனும் இருக்கையில் ரிமோட்டைத் தொடலாகாது. வீட்டுச் சமையலறையிலும் அவர் இப்படி ஒன்றை ஒட்டியிருந்தார். மனைவி அதில் பால் கணக்கு எழுதி வைத்தாள்.

கட்டியவன் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி, லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தரையில் சப்பணம் போட்டு, சொக்காயெல்லாம் கறையாக்கிக்கொண்டு, பதின்மூன்று கிலோவில் சக்கரம் வைத்த இரும்புத் தட்டு ஒன்றைச் செய்தான். அதன் முகப்பில் இந்த உருளை. போட்டி விண்ணப்பத்தில் "திட்டத் தலைவர்" என்ற இடத்தில் அதிகாரி தன் பெயரை எழுதினார். "உதவியாளர்" என்ற இடத்தில் மச்சினனை எழுதினார். அவன் அதைப் படித்துவிட்டு, "தலைவரே, அந்த அஞ்சாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுங்க" என்று மட்டும் சொன்னான். அதிகாரி எட்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

பெயர் சூட்டும் நாளில் அதிகாரி "சர்வசங்காரன்" என்றார்.

"மச்சான், நீங்க மத்தியானம் படுத்தா வர்ற சத்தம்தான் இதுக்கும் வருது. குறட்டைன்னு வச்சிரலாம்."

"அது பரவால்லடா" என்றாள் அக்கா. "சுவிட்சப் போட்டாத்தானே கத்துது."

குறட்டை என்றே ஆயிற்று.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை மச்சினன் இந்த ஷெட்டில் செத்துப்போனான். பல்லின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது உருளை சுற்றிவிட்டது. அரைகுறையாக மாட்டியிருந்த பல் கழன்று பறந்து கழுத்துக்குக் கீழே பட்டது. ரிமோட் அவன் கையில் இருந்தது. அவனே தெரியாமல் அழுத்திவிட்டான். அதிகாரி அப்போது கதவருகே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் அறிக்கை சொன்னது. அறிக்கையை எழுதியவர் அதிகாரி. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர்கூட, இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை சார் என்றார். அதைக் கேட்டு, அந்த நேரத்திலும், அதிகாரிக்கு உள்ளே ஒரு மூலையில் குளிர்ந்தது.

ரிமோட் இருந்தது அவர் கையில். ஒரு கையால் போனைத் தன் முகத்துக்கு நேரே நீட்டி, மறு கையில் அதைச் செங்கோல் மாதிரி பிடித்து நின்றார். ரோபோவின் விளக்கு எரிந்தால்தான் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று பேட்டரி இணைப்பைப் போடச் சொன்னதும் அவர்தான். முகவாயைத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலை எங்கே வைப்பது என்று பார்த்தார். வைத்தார். அவன் "மச்சான்" என்றான். அவ்வளவுதான். வீட்டுக்குள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் அவர் ரிமோட்டைச் சட்டையில் துடைத்து, அவன் விரல்களைப் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடி மடக்கினார். விரல்கள் இன்னும் சூடாக, சொன்னதைக் கேட்கிற விரல்களாக இருந்தன.

மனைவி அழவில்லை. கோபப்பட்டாள். "அறிவு கெட்டவன்" என்றாள், பிணத்தைப் பார்த்து. பத்து நாள் கழித்தும் அதையே சொன்னாள். "இவ்வளவு வயசுக்கு அறிவு வேண்டாமா?" சுவரில் அவன் படத்தை மாட்டவில்லை. தம்பி என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. பிளவுஸ் தைத்தாள், திரைச்சீலை தைத்தாள், ராப்பகலாகத் தைத்தாள். போன மாதம் ஒரு நாள், "அதை முடிங்க. அவன் பாதியில விட்டது அப்படியே கெடக்க வேண்டாம்" என்றாள். ஸ்பேனரையே பிடித்தறியாத மனிதர், ஒரு சொல் பேசாமல் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அவளுக்குச் செய்ய அவரிடம் வேறு என்ன இருந்தது? இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் தம்பி அவளுக்குத் திரும்பக் கிடைப்பான். புருஷன் கிடைக்க மாட்டான்.

போல்ட் தளர்ந்திருக்குமோ, அதனால்தான் பல் இப்படித் திரும்புகிறதோ என்று தோன்றியது. அதிகாரி ஸ்பேனரை மாட்டித் திருகினார். உருளையும் கூடவே உருண்டது. இடது கையால் உருளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகினார். இப்போது போல்ட் நகர்ந்தது.

அவர் கை நின்றது.

ஒரு கை உருளையில். ஒரு கை ஸ்பேனரில்.

நான்கு மாதமாகப் பிசிரில்லாமல் நின்ற அறிக்கை. இன்ஸ்பெக்டர் மெச்சியது. அதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு போல்ட்டை முடுக்கியதில்லை. முடுக்கிய எவனுக்கும் தெரிந்திருக்கும், இந்த வேலை நடக்கும்போது மூன்றாவதாக ஒன்றைப் பிடிக்கக் கை கிடையாது என்று.

இடது உள்ளங்கையின் கீழே இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. முழு உருளையும் அல்ல. கையை நகர்த்திப் பார்த்தார். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும். இப்போதுதான் வேறொருவர் பிடித்துவிட்டு எடுத்தது போல. சூடு தன் கையினுடையதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டு விழுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. தையல் மிஷின் உள்ளே சீராக உறுமிக்கொண்டிருந்தது. மறுபடி தொட்டார். சூடு குறையவில்லை. கூடியிருந்தது.

போல்ட்டில் மாட்டியிருந்த ஸ்பேனர் கால் சுற்று திரும்பியது.

டக்.

இறுகிவிட்டது என்று சொல்லும் சத்தம். மச்சினன் ஒவ்வொரு போல்ட்டையும் அப்படித்தான் முடிப்பான். முடித்துவிட்டு ஒரு முறை தட்டிக்கொடுப்பான். அதிகாரி உருளையைப் பார்த்தார். யாரும் தட்டவில்லை. எண்ணெய் வாடை மட்டும் தன் முகத்துக்கு மிக அருகில், மூச்சு விடும் தூரத்தில் வீசியது.

ஷெட்டைவிட்டு வெளியே போய்விடலாம் என்று எழுந்தார். அப்போதுதான் கவனித்தார். தையல் மிஷினின் உறுமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. மனைவியோ வாசலில் நின்றிருந்தாள்.

"ஏங்க. முடிஞ்சுதா?"

"பேலன்ஸ் மட்டும் பாக்கி." குரல் அவருடையது மாதிரி இல்லை. "மிஷின அணைக்காம வந்துட்டியா?"

"மத்தியானமே அணைச்சுட்டேன்."

உறுமல் நின்றது.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ரிமோட். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவளுடைய பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் உட்காருவதைப் போல ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"ஸ்பேனரக் குடுங்க."

"உனக்கெதுக்கு இந்த வேலை?"

"ஊசி முனையில பொழைக்கிறவ நான். இரும்பு என்ன பண்ணிரும்?" இடது கையை உருளைமேல் வைத்தாள். வலது கையால் ஸ்பேனரைப் பிடித்தாள். "இப்படித்தானே?"

"ம்."

"ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வச்சுத் தைக்கறப்ப தோணுச்சு. எனக்கும் ரெண்டு கையும் துணியிலதான். அதுக்குத்தான் காலுக்குப் பெடல் வச்சிருக்கான். என் தம்பிக்குப் பெடல் இல்லியே." அவள் தலையைத் தூக்கவில்லை. "அப்ப ரிமோட் எந்தக் கையில?"

கூரைச் சொட்டு. இன்னொன்று.

"உறையப் பிரிங்க" என்றாள். "அன்னிக்கு எப்படி நின்னீங்களோ அப்படி நில்லுங்க."

மறுத்திருக்கலாம். அதிகாரி எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, அதைத் தனக்குத்தானே வரிசையாகச் சொல்லிக்கொண்டார். ரிமோட்டில் செல் இல்லை. பேட்டரி வீட்டுக்குள் அலமாரியில். மோட்டார் தரையில் தனியாகக் கிடக்கிறது. மேசைமேல் இருப்பது வெறும் இரும்பு. கட்டைவிரல் தானாக அதன் இடத்துக்குப் போயிற்று.

உருளை அசைந்தது.

தண்டுகளின் மேல் உருண்டு போகவில்லை. நின்ற இடத்திலேயே, மெதுவாக, அவள் உள்ளங்கைக்குக் கீழே சுற்றியது. ஸ்பேனர் கழன்று தரையில் விழுந்தது. அவள் வலது கையையும் அதன்மேல் வைத்தாள்.

"கைய எடு."

"சொல்லுங்க. எடுக்கறேன்."

விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. தன் விரல்தான், எலும்பு வலிக்க அவரே அழுத்திக்கொண்டிருந்தார். அதன்மேல் வேறொரு கை. எண்ணெய்ப் பிசுக்கு, காய்த்துப்போன விரல்கள். அவை அழுத்தவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தன. நகத்துக்கு அடியில் நுழைந்து. நெம்பி. கெஞ்சி.

மச்சான். எடுங்க மச்சான். அக்கா கை.

உருளை வேகம் பிடித்தது. பல் அவள் கைகளுக்கு நடுவே ஒரு முறை போயிற்று. இன்னொரு முறை. அவள் இப்போது உருளையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"யாரு போட்டது?"

நான். இரண்டே எழுத்தில் ஒரே சொல். நாக்கின் நுனிவரை வந்தது. வந்ததும் கட்டைவிரல் ஒரு நெல் அளவு தளர்ந்தது, உருளை தயங்கியது. அதிகாரி வாயைத் திறந்தார்.

"சம்பவத்தன்று" என்றது வாய். "மேற்படி நபர். உரிய அனுமதியின்றி. தன்னிச்சையாக."

அவருக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை. எவ்வளவு தெளிவான உச்சரிப்பு. எங்கும் தடங்கல் இல்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் பத்தி பிரித்துப் பேசிக்கொண்டிருந்தது.

மனைவி அழத் தொடங்கினாள், நான்கு மாதத்தில் முதல் முறையாக. "டேய் தம்பி" என்றாள், "ஒன்னைப் போய் அறிவு கெட்டவன்னு சொன்னேனேடா." கையை எடுக்கவில்லை.

அவருடைய கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்த விரல்கள் வழுக்கின. மறுபடி பிடித்தன. ஒவ்வொன்றாக விட்டன.

பல் கண்ணுக்கு மறைந்தது. வெள்ளியாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தது. அதன்மேல், நகராமல், அவளுடைய இரண்டு கைகள்.