புரோமின் இறங்கும்வரை

காலையில் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே பியூலா வெந்நீர்த் தொட்டியில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பாள். தூத்துக்குடியில் நிலவிலிருந்து ஆள் திரும்பிய வீடுகளில் எல்லாம் அதுதான் முதல் வேலை. அன்று பட்டையில் நிறமே ஏறவில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. விளிம்பைத் தொட்டால் வழுக்கியது.

உள்ளே கழுத்தளவு நீரில் அவள் கணவன் ஜெர்சன் மிதந்துகொண்டிருந்தான். மூன்று ஆண்டுகள் நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். அங்கே ஆறில் ஒரு பங்கு எடைக்குப் பழகிய இதயம் இங்கே முழு எடையைச் சுமக்க மறுத்தது. நிலவுடல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் தாங்கினால்தான் உயிர். அது சூடாக இருந்தால்தான் உடம்பு விறைக்காது. அந்தச் சூட்டில் குளோரின் நிற்காது என்பதால் கிருமியைக் கொல்லப் புரோமின். அது தீர்ந்தால் கிருமி ஆவியோடு நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அடுத்த தெருவில் ஒருவர் அப்படித்தான் இறந்தார்.

"தண்ணி கெட்டுப்போச்சுங்க. ஷாக் போடணும்."

ஷாக் பொடி நீரில் கரைந்து கிடக்கும் உப்பிலிருந்து புரோமினை மறுபடி எழுப்பிவிடும். ஆனால் அளவு எக்கச்சக்கமாக ஏறி, மெல்லத்தான் இறங்கும். அதுவரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது. புதுத் தண்ணீர் நிரப்பிச் சூடாக்குவதென்றால் நாள் முழுக்க ஆகும்.

"நான் உள்ளயே கெடக்கேன். நீ போடு," என்றான் ஜெர்சன்.

"கண்ணும் தோலும் வெந்துரும்."

பொறுத்துக்கொள்வேன் என்றான். அவள் கேட்கவில்லை. கப்பிக் கயிற்றால் அவனைத் தொட்டியிலிருந்து தூக்கிக் காற்று மெத்தையில் கிடத்தினாள். முகமூடி மாட்டிக்கொண்டு பம்பை ஓடவிட்டுப் பொடியைத் தூவினாள். நெடி மூக்கைப் பிடுங்கியது. வெயில் பட்டால் புரோமின் சீக்கிரம் குறையும் என்று கூரைத் தகட்டைத் திறந்துவிட்டாள். அவன் உதடுகள் கறுத்துக்கொண்டு வந்தன. தண்ணீரில்லாமல் ஒரு மணி நேரம்தான் தாங்குவான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நனைத்த பட்டையெல்லாம் அடர்நிறமாகவே வந்தது.

பம்புச் சத்தத்தில் விழித்து எப்சி நடந்து வந்தாள். அவன் நிலவில் இருந்தபோது பிறந்த மகள். சின்னப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்பதால், விளிம்பில் நின்று அப்பாவின் விரலைப் பிடித்ததோடு சரி; அவன் அவளைத் தூக்கியதே இல்லை.

"அவள என் நெஞ்சு மேல போடு."

"உங்க எடையே உங்களுக்குத் தாங்கல."

"தெரியும். போடு."

போட்டாள். குழந்தை கன்னத்தைச் சாய்த்துப் படுத்தது. அவன் விலா அமுங்கி, வெகு நேரம் கழித்து எழுந்தது. மணிக்கட்டில் நாடி ஓடி ஓடித் தடுக்கியது.

அடுத்த பட்டை சரியான நிறத்துக்கு வந்திருந்தது. இறங்கிவிட்டது, தொட்டிக்குள் போகலாம் என்றாள். அவன் சிரமப்பட்டு ஒரு கையைத் தூக்கி மகளின் முதுகில் வைத்தான். இன்னும் கொஞ்சம் என்றான். பியூலா மண்டியிட்டு, பாதிப் பாரத்தையாவது தான் தாங்கலாம் என்று குழந்தையின் அடியில் கை கொடுத்தாள்.

"கைய எடு, பியூலா."

எடுத்தாள். அவனாகக் கப்பிக் கயிற்றைப் பார்த்துத் தலையசைக்கும்வரை, முழுப் பாரமும் அவன்மேலேயே இருந்தது.