வாண்டுவின் மூச்சு

அந்த ஒத்திகைக் கூடத்துக்குள் நான் முதல்முறை நுழைந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஏதோ ஒரு பழைய வீட்டின் உள்சுவர்களை இடித்துக் கூடமாக்கியிருந்தார்கள். மரத்தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மூலைக்கு ஒன்றாக ஆளுயர ஸ்பீக்கர்கள். வியர்வையும் வலித் தைலமும் கலந்த வாசனை. பயப்படும்படி அங்கே எதுவுமே இல்லை. பயந்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

நான் பாட்டுக்காரி. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு நானே பாடுகிறவள். எந்தக் கம்பெனியும் எனக்குப் பின்னால் இல்லை. நாடகத்துக்கும் நடனத்துக்கும் இசையமைப்பது இன்னொரு வேலை. இதே வேலைகளை இதே ஊரில் இன்னொருத்தியும் செய்தாள். ஆள் குள்ளம், ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். நாற்பது வயதிலும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். ஆரம்பத்தில் இருவரும் ஒரே மேடையில் பாடியிருக்கிறோம். முதலில் நான் பாடுவேன், கைதட்டுவார்கள். அடுத்து அவள் பாடுவாள், கைதட்ட மறந்துபோவார்கள்.

இருபது வருட வயிற்றெரிச்சல். ஒளிக்க என்ன இருக்கிறது? என் குரலை மட்டும் கேட்டு ஒரே ஒருவராவது அப்படி அசந்துபோய் உட்கார வேண்டும். வேறெதுவும் நான் ஆசைப்பட்டதில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு வாண்டு செத்துப்போனாள். மூளையில் ரத்தக் கசிவு. சேதி வந்ததும் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போது, 'இனி நான் ஒருத்திதான்' என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் பாதியில் விட்டுப்போன நடனத்துக்குத்தான் டான்ஸ் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆறு பேர் ஆடும் நாற்பது நிமிட நடனம்.

“ஒத்திகை ட்ராக் மட்டும்தான் குடுத்துட்டுப் போனா,” என்றார் மாஸ்டர். “இவங்க இத்தனை நாளா அதுலதான் ஆடிட்டிருக்காங்க. நீங்க மொத்த இசையையும் புதுசா போட்டுக் குடுங்க.”

ஒத்திகை ட்ராக் என்பது தற்காலிகச் சரக்கு. இசை தயாராகும்வரை ஆடுபவர்கள் பழக வேண்டுமே! அதற்காக இசையமைப்பவரே ஒன்று, இரண்டு என்று எண்ணியும் மெட்டை முனகியும் செல்போனில் பதிந்து கொடுப்பார். நிஜ இசை வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

மாஸ்டர் அதை ஓடவிட்டார். வாண்டு ஏழு வரை எண்ணினாள். எட்டைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். பிறகு அவள் முனகத் தொடங்கினாள். ஒரு வார்த்தைகூடக் கிடையாது, வெறும் முனகல். எனக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, பொறாமையில்.

மூன்று வாரம் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். ஆறு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுச் சின்ன அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிந்தேன். கொண்டுபோய்ப் போட்டேன். ஆடினார்கள். தூக்க வேண்டிய இடத்தில் தடுமாறி, அந்தப் பெண்ணை நழுவவிடப் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மாஸ்டர். பெண் பார்த்துவிட்டு 'வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்பார்களே, அந்தக் குரலில். “ஆனா வாண்டு சும்மா முனகுனதுல என்னமோ ஒண்ணு இருந்துச்சு இல்ல?”

தூக்கப்படுகிற பெண் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பாட்டுக்குப் பின்னாடி அவங்க குரலையும் லேசா விட்டா என்ன?”

வெந்த புண்ணில் வேல். உயிரோடிருப்பவளோடு மல்லுக்கட்டலாம். செத்தவளை எப்படி ஜெயிப்பது? அவளுக்கு இனிமேல் தொண்டை கட்டாது, சுருதி விலகாது, வயதும் ஏறாது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் பசிக்கவில்லை என்றேன். வேலை வெளியே கசியக்கூடாதென்று மாஸ்டர் அந்த ட்ராக்கை யாருக்கும் அனுப்பியதில்லை. வாண்டுவின் செல்போனை வீட்டார் எல்லாம் அழித்து விற்றுவிட்டார்கள். மாஸ்டர் லேப்டாப்பில் ஒன்று, மேசை மேலிருந்த பென் டிரைவில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டையும் அழித்தேன். லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலிசெய்தேன். வாண்டு கடைசியாகப் பாடியது அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

ஆழமாக. பாடுவதற்கு முன்பு இழுப்பதுபோல.

திரும்பினேன். கண்ணாடியில் நான் மட்டும் நின்றிருந்தேன். ஏசி சத்தம் என்று சொல்லிக்கொண்டேன். ஏசி அணைந்திருந்தது. அசையாமல் நின்று காத்திருந்தேன்.

இழுத்த மூச்சை யாரும் வெளியே விடவில்லை.

சாப்பிட்டு வந்தவர்களிடம் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். மாஸ்டர் முகம் சுருங்கியது. வேறு வழியில்லாமல் என் இசைக்கே மறுபடி ஆடினார்கள். இந்த முறை ஓரிடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. அந்தப் பெண் இறகுபோல மேலே போனாள்.

“அப்படிப் போடு!” என்று மாஸ்டர் கைதட்டினார். “என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலையே.”

“எண்ணிக்கையை உள்ள வச்சிருக்கீங்களேக்கா,” என்றாள் அந்தப் பெண், கழுத்தைத் துடைத்தபடி. “அந்த மூச்சு வந்ததும் பயமில்லாம எம்பிட்டேன்.”

“எந்த மூச்சு?”

“பாட்டுக்கு அடியில லேசா கேக்குதே. நீங்கதானே அது?”

மற்ற ஐவரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து ஹெட்போனை மாட்டினேன். கிடாரைத் தனியாகக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. தாளத்தைக் கேட்டேன், அதுவும் சுத்தம். என் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டேன்.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

என் குரலுக்கு அடியில், ஏதோ அடுத்த அறையில் எண்ணுவதுபோல.

பதிந்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் பாடினேன். இருந்தாள். கதவைச் சாத்திப் பாடினேன். இருந்தாள். நான்காம் முறை அவள் எண்ணவில்லை. என்னோடு சேர்ந்து பாடினாள்.

அரங்கேற்றத்துக்கு நாளில்லை. அப்படியே கொடுத்தேன். கடைசி வரிசை வரைக்கும் ஆட்கள். நடனம் முடிந்ததும் விளக்கு வந்தது. யாரும் கைதட்டவில்லை. அசந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருடமாக நான் ஏங்கிய அமைதி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பிரமாதம்மா. கூடப் பாடுனாங்களே, அவங்க யாரு?”

அதன்பின் பழைய பாட்டுகளிலும் வந்துவிட்டாள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் தனியாகப் பாடி வெளியிட்டவை. கேட்டவர்கள் எல்லோரும் எழுதினார்கள்: 'இத்தனை நாள் கவனிக்கவே இல்லையே, அந்த இரண்டாவது குரல் என்ன குரல்!' நான் பதிவதை நிறுத்தினேன். மேடையை நிறுத்தினேன். மைக் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். பிற்பகல் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. என் நெஞ்சில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, “என் பாட்டைப் பாடும்மா,” என்றாள். அவள் பிறந்தபோது அவளுக்கென்றே நான் எழுதியது. அதை எங்கும் பதிந்ததில்லை, எந்த மேடையிலும் பாடியதில்லை. இந்த வீட்டு வாசலைத் தாண்டாத பாட்டு. அது ஒன்றாவது எனக்கென்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் மெல்லத் தொடங்கினேன்.

முதல் அடி முடிந்தது. மகள் கண்ணைத் திறக்கவில்லை.

“அம்மா.”

“என்னடா கண்ணு?”

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா. அந்த ஆன்ட்டி மட்டும் பாடட்டும்.”

வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை. மகள் காது வைத்திருந்த இடத்திலிருந்துதான் வந்தது. இரண்டாம் அடியில் நான் எப்போதும் திணறுகிற இடத்தை அவள் சிரமமே இல்லாமல் கடந்தாள். மகள் சிரித்தபடி தூங்கிப்போனாள். எழுந்துபோக வழியில்லாமல் நானும் கடைசிவரை கேட்டேன்.

என்னைவிட நன்றாகத்தான் பாடினாள், பாவி.